வேலையைப் பிரித்துப் பாருங்கள்: ஏ.ஐ. காலத்தில் எதைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

2013-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர், அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினியிடம் போகும் ஆபத்தில் இருக்கின்றன என்று கணக்குச் சொன்னார்கள். 2016-இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி-க்காக வேறொரு குழு அதே அமெரிக்காவுக்குக் கணக்குப் போட்டது. வந்த விடை 9 சதவீதம். முதல் குழு ஒவ்வொரு தொழிலையும் முழுசாக எடுத்து மதிப்பிட்டது. இரண்டாவது குழு, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கணக்கு எழுத்தர் என்ற ஒரே பதவியில் இருக்கும் இருவரில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை எண்களை ஏற்றுவார். இன்னொருவர் பாதி நாள் தொலைபேசியில் தகராறு தீர்ப்பார். இருவருக்கும் ஒரே எதிர்காலம் என்று சொல்வது சரியில்லை.

அதனால் இங்கே சொல்லப்போகும் முறையும் இரண்டாவது வழிதான்: வேலையைப் பிரிப்பது, அளப்பது, சோதிப்பது, பிறகு முடிவெடுப்பது. நான்கு வாரம் ஆகும். ஒரு நோட்டு, கைபேசியிலுள்ள ஸ்டாப்வாட்ச், ஏற்கெனவே செய்து முடித்து விடை தெரிந்த 20 பழைய வேலைகள் இருந்தால் போதும்.

பத்து நாள் குறிப்பு

தொடர்ந்து பத்து வேலை நாள்கள், அரை மணிக்கு ஒருமுறை ஒரு வரி எழுதுங்கள். வரியில் நான்கு கட்டம் போதும்: என்ன செய்தேன், எத்தனை நிமிடம், எதை வைத்துச் செய்தேன், முடிந்ததும் யாரிடம் போனது. வினைச்சொல் இல்லாமல் எழுதாதீர்கள். "மெயில்" என்று எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. "பணம் ஏன் வரவில்லை என்று கேட்டவருக்குக் கணக்கைப் பார்த்துப் பதில் எழுதினேன், 12 நிமிடம்" என்று எழுதினால் அதில் மூன்று வேலைகள் ஒளிந்திருப்பது தெரியும்: கேள்வியைப் புரிந்துகொள்வது, கணக்கில் தேடுவது, எதிராளி கோபப்படாமல் சொல்வது.

பலர் தவறுவது இங்கேதான். மாலையில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் பெரிய வேலைகள் மட்டும் வரும். நடுவில் யாரோ வந்து கேட்டது, பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒப்புதலுக்காக ஆளைத் துரத்தியது எல்லாம் விழுந்துவிடும். ஒரு மனிதர் இல்லாவிட்டால் அலுவலகம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த விழுந்துபோன வரிகளால்தான். வேலை நியமனக் கடிதத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதுவதும் வீண். அதில் இருப்பது நீங்கள் செய்ய வேண்டியது, செய்வது அல்ல. பத்து நாளுக்குள் மாதக் கடைசி வராவிட்டால், அந்த இரண்டு நாளைத் தனியாகக் குறித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் முடிவில் ஒரே மாதிரியான வரிகளைச் சேர்த்து நிமிடங்களைக் கூட்டுங்கள். பொதுவாக 15 முதல் 30 தனி வேலைகள் வரும். பத்துக்குக் கீழே வந்தால் போதுமான அளவு பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

நிறுவனத்துக்கு வரும் பில்களைப் பதிவு செய்து பணம் போகத் தயார் செய்பவரின் வேலையை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் "டேட்டா என்ட்ரி". பிரித்தால் இப்படி இருக்கும்: பில்லை மெயிலிலிருந்து இறக்குவது, எண், தேதி, தொகை, வரி ஏற்றுவது, பர்ச்சேஸ் ஆர்டரோடும் (நிறுவனம் கொடுத்த கொள்முதல் ஆணை) சரக்கு வந்த சீட்டோடும் ஒப்பிடுவது, எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது என்று முடிவெடுப்பது, வித்தியாசம் இருந்தால் கிடங்கையும் சப்ளையரையும் கேட்பது, ஒப்புதல் வாங்குவது, எதற்கு முதலில் பணம் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது.

ஒரு பில்லுக்கு 9 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏற்றுவதற்கு 3 நிமிடம். பில் படிக்கும் மென்பொருள் வந்ததும் அந்த 3 நிமிடம், சரிபார்ப்புக்கான அரை நிமிடமாகச் சுருங்கும். 9 நிமிடம் ஆறரை ஆகும். ஒரு நாளில் 30 பில் என்றால் 75 நிமிடம் மிச்சம். வேலை போகவில்லை, ஒன்றேகால் மணி நேரம் போயிருக்கிறது. அதே வேலையை ஆறு பேர் செய்யும் இடத்தில் கணக்கு வேறு: ஆறு பேருக்கும் சேர்த்து ஏழரை மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஆளின் நாள். இந்தப் பெருக்கலை மேலாளர் போடுவதற்கு முன் நீங்கள் போட்டுவிடுங்கள்.

இப்போது மென்பொருள் எங்கே தடுமாறும் என்று பாருங்கள். தெளிவில்லாத ஸ்கேனில் 1-ஐ 7 என்று படிக்கும். பணம் குறைத்துக்கொள்ள வந்த கிரெடிட் நோட்டை, பணம் கேட்கும் பில் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பில் ஒருமுறை மெயிலிலும் ஒருமுறை காகிதத்திலும் வந்து, எண்ணில் ஒரு கோடு கூடுதலாக இருந்தால் இரண்டு பில் என்று எண்ணும். இதையெல்லாம்விட ஆபத்தானது, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று அடியில் ஒரு வரியோடு வரும் பில். இது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. மென்பொருள் பணிவாகப் புதுக் கணக்கை ஏற்றிக்கொள்ளும். வேலை தெரிந்தவர் போனை எடுத்து சப்ளையரைக் கூப்பிடுவார், அதுவும் பில்லில் அச்சிட்ட எண்ணுக்கு இல்லாமல், முன்பே பதிவில் இருக்கும் எண்ணுக்கு. குறிப்பேட்டில் இது இரண்டு நிமிட வரி. அதன் மதிப்பு நிமிடத்தில் இல்லை.

மூன்று குவியல்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலையையும் நான்கு கேள்வியால் சலியுங்கள். அதற்கு வேண்டிய தகவல் எல்லாம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதா, அல்லது யாருடைய மனதிலோ கிடங்கிலோ இருக்கிறதா? விடை சரியா என்று பார்க்க ஆகும் நேரம், செய்ய ஆகும் நேரத்தைவிடக் குறைவா? தவறினால் எவ்வளவு சீக்கிரம் தெரியவரும்? தவறுக்கு யார் கையெழுத்துப் போட்டிருப்பார்?

இரண்டாவது கேள்விதான் பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கும். ஒரு நீண்ட கூட்டத்தின் பதிவைச் சுருக்கித் தரச் சொல்வது சுலபம். ஆனால் அந்தச் சுருக்கம் சரியா என்று பார்க்க முழுப் பதிவையும் கேட்க வேண்டும் என்றால் மிச்சம் ஒன்றுமில்லை. நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நிலைமை மாறும். இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

தகவல் கணினியில் இருக்கிறது, சரிபார்ப்பது சுலபம், தவறு உடனே தெரியும் என்றால் அது "கொடுத்துவிடு" குவியல். சரிபார்க்க முடியும், ஆனால் தவறு தாமதமாகத் தெரியும் என்றால் "சேர்ந்து செய்". தகவல் மனிதர்களிடம் இருக்கிறது, அல்லது யாரோ உங்கள் வார்த்தையை நம்பித்தான் முடிவெடுக்கிறார் என்றால் "கையில் வை". பெரும்பாலானோர் எல்லாவற்றையும் மூன்றாவது குவியலில் போட ஆசைப்படுவார்கள். அப்படித் தோன்றும் ஒவ்வொன்றுக்கும், இதை ஏன் ஒரு புது ஆளுக்கு எழுதிக்கொடுத்துச் செய்யச் சொல்ல முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் அது அந்தக் குவியலைச் சேர்ந்ததில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு; இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்களிடம் ஆள் வருவதற்கான காரணமே மறைகிறதா? ஏடிஎம் முதலில் 1967-இல் லண்டனில் வந்தது. அமெரிக்காவில் 1995-க்கும் 2010-க்கும் இடையில் ஏடிஎம் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சத்திலிருந்து நான்கு லட்சமானது. அந்தக் காலத்தில் வங்கிக் காசாளர் எண்ணிக்கை சரியவில்லை. ஒரு கிளைக்கு வேண்டிய காசாளர் குறைந்தார்கள், அதனால் கிளை நடத்தும் செலவு குறைந்தது, வங்கிகள் புதுக் கிளைகளைத் திறந்தன. காசாளர் பணம் எண்ணுவதிலிருந்து வாடிக்கையாளரோடு பேசி விற்பதற்கு நகர்ந்தார். பிறகு கைபேசியிலேயே வங்கி வந்தது. கிளைக்குப் போக வேண்டிய தேவையே குறைந்தது. காசாளர் எண்ணிக்கை இறங்கியது அப்போதுதான். உங்கள் கையிலுள்ள வேலையை எந்த இயந்திரம் செய்யும் என்று பார்ப்பதோடு, வாடிக்கையாளர் எந்த வழியாக உங்களைத் தாண்டிப் போக முடியும் என்றும் பாருங்கள்.

இருபது மாதிரிச் சோதனை

கொடுக்கலாம் என்று நினைத்த வேலைகளில் அதிக நிமிடம் தின்னும் ஒன்றை மட்டும் எடுங்கள். முதலில் அலுவலகத்தில் எந்த ஏ.ஐ. கருவிக்கு அனுமதி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லாத கருவியில் வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், சம்பளம், மருத்துவ விவரம் எதையும் ஒட்டாதீர்கள். பெயருக்குப் பதில் அ, ஆ என்று மாற்றினாலும், தேதியும் தொகையும் சேர்ந்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றையும் மாற்றுங்கள்.

20 மாதிரிகளை இப்படிப் பிரியுங்கள்: 12 சாதாரணமானவை, 5 சிக்கலானவை, 3 வேண்டுமென்றே தவறு வைத்தவை. கடைசி மூன்று முக்கியம். கூட்டுத்தொகை தப்பாக உள்ள பில், இல்லாத தேதி, கேள்விக்கே விடை இல்லாத ஆவணம். கருவி "இதில் இல்லை" என்று சொல்கிறதா, அல்லது தானே ஒன்றைப் புனைந்து தருகிறதா என்று அதில்தான் தெரியும். 2023-இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி புனைந்துகொடுத்த, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்புகள் உண்மையானவைபோலவே இருந்தன. இந்தக் கருவிகளின் தவறு பிழைபோல் தெரியாது, சரளமாக வரும்.

நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து பாருங்கள். மனக்கணக்கு இங்கே ஏமாற்றும். ஏ.ஐ. கருவிகளின் திறனைச் சோதிக்கும் மெட்ர் (METR) அமைப்பு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள் தங்களுக்கு நன்கு பழகிய மென்பொருள் திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏ.ஐ. இருந்தால் 24 சதவீத நேரம் குறையும் என்று தொடங்கும்போது எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் குறைந்ததாக நம்பினார்கள். கடிகாரம் 19 சதவீதம் அதிக நேரம் ஆனதாகக் காட்டியது. கேள்வி எழுதுவது, பதிலுக்குக் காத்திருப்பது, வந்ததைத் திருத்துவது, திருத்த முடியாமல் தூக்கிப்போட்டு மறுபடி செய்வது, நான்கையும் சேர்த்து அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 5,179 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஏ.ஐ. உதவியோடு ஒரு மணி நேரத்தில் தீர்த்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கு மிகக் கொஞ்சம். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும் வேலையில் கருவி கொடுப்பது குறைவு. புதிதாகக் கற்கும் வேலையில் கொடுப்பது அதிகம், ஆனால் அங்கே தவறைக் கண்டுபிடிக்கும் கண்ணும் உங்களிடம் குறைவு.

இருபதில் ஒரு தவறும் வரவில்லை என்றால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு எளிய கணக்கு: தவறே இல்லாமல் எத்தனை மாதிரி போனதோ, அதைக் கொண்டு 3-ஐ வகுத்தால் உண்மைத் தவறு விகிதம் எவ்வளவு வரை ஒளிந்திருக்கலாம் என்று வரும். 20-க்கு 15 சதவீதம் வரை. 60-க்கு 5. 300-க்கு 1. மாதம் ஆயிரம் பில் போகும் இடத்தில் 15 சதவீதம் என்றால் 150 பில். அதனால் முதல் மாதம் முழுக்க எல்லாவற்றையும் பார்த்து, எண்ணிக்கை ஏற ஏறச் சரிபார்ப்பைக் குறையுங்கள்.

சரிபார்க்கும் கண்ணைக் காப்பாற்றுவது

1983-இலேயே உளவியல் ஆய்வாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். சுலபமான பகுதியை இயந்திரத்திடம் கொடுத்தால், மனிதருக்கு மிஞ்சுவது கண்காணிப்பும் அவசரத்தில் காப்பாற்றுவதும். தினமும் கையால் செய்யாதவர் அந்த அவசரத்தில் தடுமாறுவார். அவர் பேசியது ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. இன்று அலுவலக மேசைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது இரண்டு. பத்தில் ஒன்றைக் கருவி இல்லாமல் முழுசாகக் கையால் செய்யுங்கள். மீதியைச் சரிபார்க்கும்போது, கருவியின் விடையைப் பார்க்கும் முன் மூல ஆவணத்தைப் பார்த்து உங்கள் விடையை முதலில் மனதில் வையுங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டால் கண் அதற்குச் சாட்சி தேட ஆரம்பிக்கும், தவறு தெரியாது. குழுவாக இருந்தால், வாரம் ஒருமுறை ஒருவர் இரண்டு தவறுகளை ஒளித்துவைத்து மற்றவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். கண்டுபிடிக்காத வாரம் வந்தால் சரிபார்ப்பு வெறும் கையெழுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

பொறுப்பும் கருவியிடம் போய்விடாது. கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட், பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகையின் விதியைத் தவறாகச் சொன்னது. பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024-இல் தீர்ப்பாயம் சொன்னது.

இதில் நம்மை மிகவும் கவலைப்படுத்துவது புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களின் நிலைமை. கொடுத்துவிடலாம் என்ற குவியலில் இருப்பவை பெரும்பாலும் அவர்கள் கற்றுக்கொள்ளும் வேலைகள்தான். வரைவு எழுதிப் பழகாதவருக்கு வரைவில் தவறு தெரியாது. மேற்பார்வையில் இருப்பவர்கள் முதல் ஆறு மாதம் அவர்களைக் கையால் செய்ய விட்டு, பிறகு தங்கள் விடையைக் கருவியின் விடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வேகம் குறையும், குறையட்டும். அடுத்த மேற்பார்வையாளர் அங்கிருந்துதான் வர வேண்டும்.

மிச்சமான நேரம்

இதை எழுதி வைக்காவிட்டால் அந்த 75 நிமிடம் கூடுதல் பில்களால் நிரம்பிவிடும், யாருக்கும் தெரியாமல். சோதனை முடிந்ததும் மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த வேலை, முன்பு எத்தனை நிமிடம், இப்போது எத்தனை, எத்தனை மாதிரி, என்ன வகைத் தவறு, சரிபார்ப்பு யார். கூடவே மிச்ச நேரத்தை எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். "புதிது கற்றுக்கொள்ள" என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. "வாரத்தில் இரண்டு மணி நேரம், சப்ளையர் தகராறுகளைத் தீர்க்கும் பொறுப்பு" என்று கேளுங்கள்.

எதைக் கற்பது என்பதும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. கையில் வைக்க வேண்டிய குவியலில் உங்களுக்கு அதிக நேரம் ஆகும் வேலையையும், முடித்ததை வாங்கிக்கொள்ளும் அடுத்த மேசையின் வேலையையும் பாருங்கள். முழுக்க வேறு துறைக்குத் தாவுவதைவிட ஒரு மேசை தள்ளி நகர்வது பெரும்பாலும் சீக்கிரம் பலிக்கும். சமூகம் மாறும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2030-இல் உலகில் ஆறில் ஒருவர் 60 அல்லது அதற்கு மேல் வயதானவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியோரைக் கவனிப்பது, அவர்களுக்கு விளக்கிச் சொல்வது, அவர்கள் சார்பில் அலைவது போன்ற வேலைகளுக்குத் தேவை ஏறும்.

வீட்டிலிருந்து வேலை, கண்காணிக்கும் மென்பொருள்

இது சுருக்கமாக. 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 1,612 ஊழியர்களில் ஒரு பகுதியினர் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலையை விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரமும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. வீட்டு நாளைக்கு எழுத்து வேலையும் அலுவலக நாளைக்குத் தகராறு தீர்ப்பதும் கற்றுக்கொடுப்பதும் என்று பிரியுங்கள். நாள் முடிவில் மூன்று வரிக் குறிப்பு விடுங்கள்: எது முடிந்தது, எது நிற்கிறது, யாருக்காக நிற்கிறது. பார்க்காத வேலை நடக்காத வேலை என்று நினைக்கும் மேலாளருக்கு இந்த மூன்று வரிதான் பதில்.

செயலி வழியாக வேலை எடுப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்குப் போடுங்கள்: வந்த பணத்திலிருந்து எரிபொருள், பராமரிப்பு, டேட்டா செலவைக் கழித்து, செயலியைத் திறந்து காத்திருந்த நேரத்தையும் சேர்த்து மொத்த மணியால் வகுக்க வேண்டும். காத்திருப்பை விட்டுவிட்டால் கூலி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். மதிப்பெண், ரத்தான வேலை, பிடித்தம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள், அதுவும் செயலிக்கு வெளியே. கணக்கு முடக்கப்பட்டால் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இலிருந்து நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை மனிதர் தலையீடே இல்லாமல் இயந்திரம் மட்டும் எடுப்பதற்கு வரம்பு வைக்கிறது. ஊழியரின் உணர்ச்சியை ஏ.ஐ. மூலம் ஊகிப்பது அங்கே 2025 பிப்ரவரி 2 முதல், மருத்துவம், பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடை. எந்த நாட்டில் இருந்தாலும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்: என்னைப் பற்றி எதைப் பதிவு செய்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அதை வைத்து எடுக்கும் முடிவை மறுபரிசீலனை செய்யும் மனிதர் யார்.

முதல் நோட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே பத்து நாள் குறிப்பை மறுபடி எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வரிகள் காணாமல் போயின, எவை புதிதாக வந்தன என்று சிவப்பு மையில் குறியுங்கள். முன்பு கருவி தோற்றதால் கொடுக்க முடியாது என்று ஒதுக்கிய மாதிரிகளையும் அன்றே மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதே இருபது மாதிரிகளாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.